மஞ்சள் துணியில் முடிந்த காசு

பழங்காசு சேர்ப்பவனிடம் உலகம் கேட்பது ஒரே கேள்விதான்: "இத வித்தா எவ்ளோ வரும்?" பள்ளியில் உடன் பணியாற்றியோர் கேட்டனர். சேரப்பணஞ்சேரியில் எனக்கு வீடு வாடகைக்கு விட்டவர் கேட்டார். முடி திருத்த வந்தவர் கத்தியை என் கழுத்தருகே நிறுத்திவைத்துக்கொண்டு கேட்டார். விற்பதற்கு அன்று என்று நான் சொன்னதும், அப்படியானால் எதற்கு என்று அவர்கள் வினவியிருந்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். ஒருவரும் வினவவில்லை. விற்பதற்கில்லை என்றவுடன் அவர்களுக்குப் பேச்சு முடிந்துவிட்டது.

அவர்கள் கேளாத அந்த வினாவுக்கு நானே பல ஆண்டுகள் விடை தேடினேன். கிடைத்த எதுவும் எனக்கு நிறைவளிக்கவில்லை. வரலாற்றின்மேல் உள்ள பற்று என்று ஒரு விடை உண்டு. வரலாற்றை நூலில் படித்துக்கொள்ளலாம், அதற்குச் செம்புத் துண்டு வேண்டியதில்லை. அழகு என்பார் உளர். எழுத்துத் தேய்ந்து விளிம்பு மழுங்கிய காசில் என்ன அழகு? பொழுதுபோக்கு என்ற சொல்லோ எனக்குச் சினமூட்டுவது. போக்குவதற்கு என்னிடம் பொழுது இருந்ததே இல்லை.

நான் தமிழாசிரியனாகப் பணியேற்ற சில ஆண்டுகளில் நயா பைசா வந்தது. நேற்றுவரை புழங்கிய அணாவும் காலணாவும் சிறுகச் சிறுகச் செல்லாமற் போயின. ஒரகடத்துச் சாலையோரத்தில் வண்டிச் சக்கரம் செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே ஒரு நாள் மிதிவண்டிக்குக் காற்றடிக்க நின்றபோது, தச்சர் நடுவே துளையுள்ள காலணாக்களை ஒரு கொட்டாங்கச்சி நிறைய வைத்துக்கொண்டு, ஆணியின் தலைக்கடியில் ஒவ்வொன்றாகக் கோத்து அடித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். ஆண்டும் முடியும் எழுத்தும் பொறித்து ஓர் அரசு வெளியிட்ட பொருள் மாட்டுவண்டியின் அச்சோரம் சேறு தின்னப் போகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்றைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்பினால் தொடங்கினேன் என்று எழுத ஆசைதான்; உண்மையில் எரிச்சலால் தொடங்கினேன்.

என்னைப்போல் இன்னொருவர் இருக்கிறார் என்பதைச் சிங்கப்பெருமாள் கோவில் தொடர்வண்டி நிலையத்தில் அறிந்தேன். புத்தகம் வாங்கச் சென்னைக்குப் போகும் சனிக்கிழமைகளில் அங்கேதான் வண்டியேறுவேன். ஒரு முறை பயணச்சீட்டுக் கொடுக்கும் எழுத்தர் தந்த சில்லறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவாறு சன்னலை விட்டு நகராமல் நின்றேன்.

"இன்னா சார், கள்ளக்காசா?" என்றார் எழுத்தர் உள்ளிருந்து.

"இல்லை. ஆண்டு பார்க்கிறேன்."

அவர் முகம் மாறியது. சன்னல் கம்பியருகே குனிந்தார். "ஆண்டுக்குக் கீழ பாருங்க. சின்னதா வைரம் மாதிரி குறி கீதா, ஸ்டார் கீதா, ஒண்ணுமே இல்லியா?"

பின்னால் நின்றவர் கத்தினார்: "யோவ், வண்டி வந்துகினு கீது! காசுக்கு ஜாதகமா பாக்குறீங்க?"

அவ்வாறு தொடங்கியது எங்கள் நட்பு. காசு அச்சடிக்கும் ஆலை ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி உண்டு என்பதும், ஒரே ஆண்டின் ஒரே காசு மூன்று குறிகளில் வரும் என்பதும் அவர் எனக்குக் கற்பித்தவை. நாளெல்லாம் சில்லறை கைமாறும் இடத்தில் அவர் அமர்ந்திருந்ததால், வேண்டிய காசு வந்தால் தம் பையிலிருந்து வேறு காசை இட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். அட்டைப் பெட்டியில் ஆண்டுவாரியாகக் கட்டம் கட்டி வைத்திருந்தார். அவருக்கு நிறைந்த கட்டங்களில் நாட்டமே இல்லை. வெறுமையாய் இருப்பவைதாம் அவரை ஆட்டிப்படைத்தன. "ஒண்ணு கொறையுது பண்டிதரே, ஒண்ணே ஒண்ணு. அத்த நெனச்சா சோறு எறங்கல," என்பார். அந்த ஒன்று கிடைத்த மறுவாரமே வேறொரு வரிசையைத் தொடங்கி, அதில் ஒன்று குறைகிறது என்று வருந்துவார். மனிதர் காசு சேர்ப்பதன் காரணத்தை அவரிடத்தில் பாதி கண்டுகொண்டேன். வாழ்க்கையில் வேறு எந்தக் குறையும் இத்துணைத் தெளிவான கட்டமாக, இன்ன அளவு, இன்ன ஆண்டு என்று நம்முன் வந்து நிற்பதில்லை.

என் நோய் வேறு. எனக்கு வரிசை வேண்டியதில்லை; எழுத்து வேண்டும். கல்வெட்டைக் கோயில் சுவரிலிருந்து பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவர இயலாது. காசோ கைக்குள் அடங்கும் கல்வெட்டு. அதிலும், வேறு எவரும் படித்திராத எழுத்தை முதலில் படிப்பவன் நானாக இருக்க வேண்டும் என்ற பேராசை எனக்கு இருந்தது. பிறர் எழுதியதை மாணவர்க்கு ஒப்பிக்கும் தொழிலில் இருப்பவனுக்கு அந்த ஆசை வருவது வியப்பன்று. வெளியில் சொன்னதில்லை, இப்போதும் சொல்ல நாணமாகத்தான் இருக்கிறது.

அந்த ஆசைக்கு இரையாக ஒரு காசு வந்தது. ஊருக்கு மேற்கே ஏரியை ஒட்டி ஒரு செங்கற்சூளை இருந்தது. மழைக்காலம் முடிந்து ஏரி மண்ணை வெட்டிக் குழைக்கத் தொடங்கினால், மண்ணுக்குள் கிடப்பவை மேலே வரும் என்று கேள்விப்பட்டு, மாலையில் பள்ளி விட்டதும் அங்கே போய் நிற்பேன். சூளையில் மண் மிதிக்கும் பெண்கள் முதலில் என்னை வட்டாட்சியர் அலுவலகத்து ஆள் என்று அஞ்சினர். பிறகு பித்தன் என்று முடிவுகட்டி அச்சம் தெளிந்தனர். அவர்களுள் ஒருத்தி ஒரு மாலை முந்தானை முனையை அவிழ்த்து, பச்சைபிடித்த சிறு வட்டு ஒன்றைக் கொடுத்தாள். மிளகாய் விதையினும் சற்றுப் பெரிய காசுகளையே கண்டு சலித்திருந்த எனக்கு அது கனமாக இருந்தது. நான் சட்டைப்பையைத் துழாவிக் கால் ரூபாய் ஒன்றைக் கொடுத்தேன்.

"இன்னா வாத்தியாரே, செல்லாத காசுக்குச் செல்ற காசு குடுக்கிறே?" என்றாள் அவள். கூட இருந்தவர்கள் சிரித்தனர். "நாளைக்கு வா. எங்க மாமியா வாயில ஒரு தங்கப்பல்லு கீது, அதுவும் பழசுதான்."

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒருபுறம் திமில் உயர்ந்த காளை. மறுபுறம் இரண்டு வரித் தமிழ் எழுத்து. மேல்வரியில் 'வீர' என்பது தெளிவாக இருந்தது. கீழ்வரி முழுவதும் பச்சைக் களிம்பினுள் புதைந்துகிடந்தது. இந்த மண்ணை ஆண்ட எந்தக் குறுநில மன்னன் தன்னை வீரன் என்று சொல்லிக்கொள்ளவில்லை? எந்த வீரன் என்பதைக் கீழ்வரிதான் சொல்ல வேண்டும். களிம்பை நீக்கத் துணிவு வரவில்லை. தப்பினால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். தாளை மேலிட்டுப் பென்சிலால் மெல்லத் தேய்த்துப் படியெடுத்து, சென்னையில் அருங்காட்சியகம் ஒன்றில் காசுப் பிரிவில் இருந்த அலுவலர் ஒருவருக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அஞ்சலட்டை வந்தது. படியைக் கொண்டு எதுவும் சொல்வதற்கில்லை. இவ்வகைக் காசு தாம் கண்டதில்லை. காசை நேரில் கொண்டுவருக. எக்காரணம் கொண்டும் தூய்மை செய்ய வேண்டா. நான்கு வரிகள். 'தாம் கண்டதில்லை' என்ற இரு சொற்களை அன்றிரவு எத்துணை முறை படித்தேனோ தெரியாது.

பருத்திப் பஞ்சில் வைத்துத் தகரப் பெட்டியின் தனி அறையில் அந்தக் காசை வைத்தேன். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் சென்னைக்குப் போவதாக எண்ணம். தேர்வுத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோதே காய்ச்சல் வந்துவிட்டது.

குடற்காய்ச்சல். படப்பையிலிருந்து வந்த மருத்துவர் முதல் வாரம் நம்பிக்கையோடு பேசினார். இரண்டாம் வாரம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். மூன்றாம் வாரம் எனக்கு நினைவில்லை. நினைவு வந்தபோது மெலிந்து கட்டிலோடு ஒட்டிக் கிடந்தேன். கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்கு மாறி, சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய நாளில், முதல் வேலையாகத் தகரப் பெட்டியைத் திறந்தேன். பஞ்சு இருந்தது. பஞ்சின் நடுவில் காசின் வடிவில் ஒரு பள்ளம் இருந்தது. காசு இல்லை.

என் மனைவி அடுக்களையில் இருந்தாள். அழைத்தேன்.

"இதில இருந்த காசு எங்கே?"

அவள் சற்றும் தயங்கவில்லை. கடவுட்படங்களுக்கு மேலே சுவரில் அடித்திருந்த ஆணியைக் கண்ணால் காட்டினாள். ஆணியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தொங்கியது.

"ஏழுமலையானுக்கு முடிஞ்சிட்டேன்," என்றாள். "மூணாம் வாரம், டாக்டரு இனிமே கடவுள் வுட்ட வழின்னு சொல்லிட்டுப் போனாரு பாருங்க, அன்னிக்கு. நீங்க எழுந்து நடந்தா, ரெண்டு பேருமா மலைக்கு வந்து, முடியக் குடுத்துட்டு, காச உண்டியல்ல போடறேன்னு."

இவ்வூர்ப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம் அது. நோயோ இடரோ வந்தால் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பார்கள். வேண்டுதல் நிறைவேறியதும் அதை அப்படியே கோயிலில் சேர்ப்பார்கள். இடையில் அவிழ்க்கக் கூடாது. மாற்றக் கூடாது. எனக்குத் தெரியாத வழக்கம் அன்று. அதற்கு என் காசுதானா கிடைத்தது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

"வீட்டில வேற காசே இல்லையா?"

"வேற காசு இன்னா காசு? எல்லாம் அலுமினியம். ஊதினாப் பறக்குது. அதப் போயி சாமிக்கு முடிவாங்களா?"

"பெட்டியில எத்தனை செப்புக்காசு இருந்தது! அதில ஒண்ணை எடுத்திருக்கக் கூடாதா?"

அவள் சொன்னாள்: "அதெல்லாம் நீங்க சும்மா போட்டு வெச்சிருந்தீங்க. இது ஒண்ணத்தான் பஞ்சுல வெச்சிருந்தீங்க. உசிர குடுன்னு கேக்கறப்போ, உங்களுக்கு எது ஆசையோ அதத்தான குடுக்கணும்? வேணாங்கிறதக் குடுத்துட்டு உசிர வாங்கிக்க முடியுமா?"

முப்பது ஆண்டுகள் இலக்கணமும் செய்யுளும் கற்பித்த நாவில் இதற்கு மறுமொழி எழவில்லை. இன்றும் எழவில்லை. மறுமொழி இல்லாத வாதம் ஒருவனைத் தணிக்கும் என்பார்கள். எனக்கு அது மேலும் எரிச்சலூட்டியது. அவள் தவறு செய்திருந்தால் சினந்து தீர்த்திருப்பேன். அவள் செய்தது சரி. நான் உயிரோடு நின்றுகொண்டு அதற்கு எதிர்ச்சான்று சொல்லவும் இயலாது.

ஆனால் காசு இன்னும் உண்டியலுக்குப் போகவில்லை; என் தலைக்கு மேலே ஓர் ஆணியில் இருந்தது. அதுதான் என்னைப் பித்துக்கொள்ளச் செய்தது.

அவள் குளத்துக்குப் போன வேளைகளில் ஆணியருகே நின்று துணியின்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்ப்பேன். காளையின் திமில் விரலுக்குத் தட்டுப்பட்டது. அல்லது தட்டுப்பட்டதாக எண்ணிக்கொண்டேன். ஒரு நாள் மெல்லிய தாளை முடிச்சின்மேல் இழுத்துப் பிடித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். தாளில் துணியின் நூலிழைதான் எழுந்தது, குறுக்கும் நெடுக்குமாக, மிகத் தெளிவாக. நெசவாளி எவரேனும் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். பென்சிலைத் திருப்பிப் பிடித்து மீண்டும் முயன்றபோது வாயிலில் குடம் வைக்கும் ஓசை கேட்டது.

"இன்னா பண்ணிக்கினு கீறீங்க சாமிகிட்ட?"

"ஒன்றும் இல்லை."

"பென்சிலு எதுக்கு?"

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் ஆணி ஒரு முழம் மேலே ஏறியிருந்தது. முக்காலி வைத்து அவளே அடித்திருக்கிறாள்.

இரயில்வே எழுத்தர் நலம் விசாரிக்க வந்தார். நடந்ததைச் சொன்னேன். என் உயிர் பிழைத்ததற்கு வாய்மொழியாக மகிழ்ந்துவிட்டு, உடனே முடிச்சை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் வெறுமையான கட்டத்தைப் பார்க்கும் அதே பார்வை. என் மனைவி காப்பி கொண்டுவந்தபோது குரலை இனிமையாக்கிக்கொண்டார்.

"ஏம்மா, எங்கிட்ட ராஜா தலை போட்ட வெள்ளி ரூபா ஒண்ணு கீது. சுத்த வெள்ளி. அத்த முடிஞ்சு வெச்சிட்டு, இத்த பண்டிதருக்குக் குடுத்துடு. சாமிக்கும் லாபம், இவருக்கும் லாபம்."

"ஏண்ணா," என்றாள் அவள், "நீங்க ஒருத்தருக்கு டிக்கெட்டு குடுத்துட்டீங்க. அவரு வண்டியேறி ஊரும் போயி சேந்துட்டாரு. அப்பறம் வந்து, இந்த டிக்கெட்ட மாத்திக் குடுங்கன்னா குடுப்பீங்களா?"

எழுத்தர் காப்பியை ஒரு மிடறு குடித்தார். "அது ரூல்ல இல்லம்மா."

"இதுவும் ரூல்ல இல்லண்ணா. காப்பிக்குச் சக்கரை போதுமா?"

அவள் உள்ளே சென்றதும் அவர் என் காதருகே வந்தார். "பண்டிதரே, ஒரு அவுப்பு அவுத்து, எழுத்தப் பாத்துட்டு, அதே மாதிரி முடிஞ்சிடுங்க. அவ்ளோதான. யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும். அதுதான் இடர். நான் வழக்கங்களில் பற்றுடையவன் அல்லேன். முடிச்சை அவிழ்த்தால் காய்ச்சல் திரும்பும் என்று நம்பவில்லை. ஆனால் அவிழ்த்த மறுநாள் எனக்கு ஒரு தும்மல் வந்தாலும் என் மனைவியின் முகத்தை நான் எப்படி நோக்குவேன் என்று எண்ணிப் பார்த்தேன். அந்த முடிச்சை அவள் எந்த நிலையில் முடிந்தாள் என்பதை நான் காணவில்லை. அதனாலேயே அதில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. இருமுறை முக்காலியை எடுத்து வைத்தேன். இருமுறையும் அதன்மேல் ஏறி நின்று, துணியைக் கையில் பிடித்து, இறங்கிவிட்டேன்.

அவிழ்க்கவும் மாட்டேன், இழக்கவும் மாட்டேன் என்ற நிலையில் அகப்பட்டவன் செய்யக்கூடியது ஒன்றே: நாளைக் கடத்துவது. மலைக்கு எப்போது போகலாம் என்று அவள் கேட்டபோதெல்லாம் எனக்கு ஒரு காரணம் இருந்தது. ஆண்டுத் தேர்வு. பிறகு புதிய மாணவர் சேர்க்கை. உடலில் தெம்பு வரட்டும் என்றேன். கோடை என்றேன், மழை என்றேன். காசு வீட்டில் இருக்கும்வரை ஏதேனும் ஒரு வழி பிறக்கும் என்று நம்பினேன். என்ன வழி என்று கேட்டால் சொல்லத் தெரிந்திராது. இதற்கிடையே அருங்காட்சியக அலுவலருக்கு நிலைமையை விளக்கி நீண்ட மடல் ஒன்று எழுதினேன். காசு வேண்டுதலில் முடியப்பட்டிருப்பதையும், அதை அவிழ்ப்பதில் உள்ள தடைகளையும், என் உளநிலையையும் மூன்று பக்கங்களில் எழுதியிருந்தேன். அஞ்சலட்டை வந்தது: காசைக் காணாது கருத்துக் கூறுவதற்கில்லை. இம்முறை ஒரே வரி.

இரண்டு ஆண்டுகள் இவ்வாறு போயின. அந்த இரண்டு ஆண்டுகளிலும் என் மனைவி சனிக்கிழமைதோறும் ஒருபொழுது இருந்தாள் என்பதை நான் அறிவேன். வேண்டுதலைச் செலுத்தும்வரை சனிக்கிழமைகளில் பகலில் உண்பதில்லை என்று முடிந்த அன்றே சொல்லிக்கொண்டாளாம். அறிந்தும் அதைப் பற்றி நான் பேசியதில்லை. பேசினால் மலையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். வாரத்துக்கு ஒரு நாள்தானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போது பேனா சற்று நிற்கிறது.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை நண்பகலில் பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து கூவினாள்: "வாத்தியாரே, ஓடியாங்க! உங்க வூட்டம்மா கெணத்தாண்ட வுழுந்துட்டாங்க!" ஓடினேன். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் முதுகைச் சாய்த்து அமர்ந்திருந்தாள். கயிறு இழுக்கையில் தலைசுற்றியதாம். நல்லவேளையாகச் சுவருக்கு இந்தப் பக்கம் விழுந்தாள். நெற்றியில் கல் கீறியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் அவள் வாயில் மோரை ஊற்றப் போனாள். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"இன்னும் பொழுது எறங்கல," என்றாள்.

"இன்னா பொம்பள நீ! பிராணம் போவுது, பொழுத பாத்துக்கினு கீறே!" என்று அந்த அம்மாள் வைதாள். வைதுகொண்டே என் பக்கம் திரும்பினாள். "நீங்க இன்னா சார் பாத்துக்கினு கீறீங்க? இட்டுக்கினு போயித் தொலைச்சிட்டு வரவேண்டியதுதான மலைக்கு? ஊருக்கே பாடம் சொல்றீங்க."

அன்று மாலை, அவள் உண்ட பிறகு, அடுத்த வாரம் போகலாம் என்றேன். தேர்வு இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் முகத்தில் மகிழ்ச்சியைத் தேடினேன், களைப்புதான் இருந்தது.

காஞ்சிபுரம் போய் அங்கிருந்து பேருந்தில் சென்றோம். முடிச்சை அவள் இடுப்பில் செருகியிருந்தாள். வழியெல்லாம் என் கண் அங்கேயே இருந்தது. மலையில் தலையை மழித்துக்கொண்டேன், நீராடினோம், நெடுநேரம் வரிசையில் நின்றோம். கருவறையில் நின்ற அந்த ஒரு நொடியில் எல்லோரும் எதை வேண்டுகின்றனரோ அறியேன். நான் கீழ்வரியை நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து உண்டியலருகே சேர்ந்ததும் அவள் முடிச்சை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நீங்களே போடுங்க. உங்க உசிருக்குத்தான முடிஞ்சது."

என் உள்ளங்கையில் அது இருந்தது. பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. முடிச்சின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஓர் இழுப்பில் அவிழ்ந்துவிடும். வேண்டுதல் நிறைவேறிவிட்டது, மலைக்கு வந்துவிட்டோம், இனி அவிழ்த்தால் குற்றம் என்ன என்று ஒரு வாதம் என் மனத்தில் முழு வடிவில் எழுந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். "நவுரு, நவுரு, போட்டுட்டுப் போய்க்கினே இரு!" என்று எவரோ முதுகில் தள்ளினார். துணியோடு உள்ளே போட்டுவிட்டேன். ஓசை எதுவும் கேட்கவில்லை. அத்துணைக் காசுகளின்மேல் விழுந்த துணிமுடிச்சுக்கு ஓசை ஏது?

திரும்பும் பேருந்தில் அவள் சன்னலோரம் அமர்ந்தாள். இரண்டு ஆண்டுகளில் அவளை அவ்வளவு இலகுவாக நான் கண்டதில்லை. முறுக்கு வாங்கித் தின்றாள். என் மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரித்தாள். நானோ, இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்ற துணிவில், அதுவரை கேட்க அஞ்சியிருந்ததைக் கேட்டேன்.

"அந்தக் காசை முடியறதுக்கு முன்னாடி என்ன செய்தே? அப்படியே முடிஞ்சியா?"

"அப்படியே எப்பிடி முடியறது? ஒரே பாசி. சாமிக்குப் போறது அழுக்காவா போவும்? புளி போட்டு ஊற வெச்சு, சாம்பல் போட்டுத் தேச்சு, மஞ்சத்தண்ணியில கழுவி முடிஞ்சேன்."

நான் எதிர்பார்த்ததுதான். அதிலும் ஓர் ஆறுதல் இருந்தது. எழுத்து அன்றே அழிந்திருக்கும். இரண்டு ஆண்டுகள் நான் காத்துக் கிடந்தது ஒன்றுமில்லாத தகட்டுக்காக. அப்படியானால் இழந்தது ஒன்றுமில்லை.

"எல்லாம் தேஞ்சு போயிருக்கும்," என்றேன்.

"தேயறதா? அய்யோ, எப்பிடி வந்துது தெரியுமா! தங்கம் கணக்கா. மாடு ஒரு பக்கம் நிக்குது. இந்தப் பக்கம் ரெண்டு வரி எழுத்து. பளிச்சுன்னு, பலகையில சாக்பீசுல எழுதினாப்பல."

பேருந்து எங்கோ நின்று மீண்டும் புறப்பட்டது. அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மளிகைக்கடைப் பொட்டலத் தாளையும் விடாமல் எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.

"கீழ்வரியில என்ன எழுதியிருந்தது?"

"யாரு பாத்தா?"

"இப்பத்தானே பளிச்சுன்னு இருந்ததுன்னே!"

"இருந்துது. அதுக்கு? நீங்க உள்ள பெனாத்திக்கினு கெடக்கிறீங்க. கூப்டாக் கண்ணு தொறக்கல. நான் இங்க அழுதுக்கினே தேய்க்கிறேன். அப்போ இன்னா, எழுத்தா படிச்சிக்கினு இருப்பேன்?"

"ஓர் எழுத்து கூடவா நினைவில்லை?"

அவள் நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே எண்ணிப் பார்த்தாள். நான் சட்டைப்பையில் எழுதுகோலைத் தேடினேன்.

"வட்டமா ஒண்ணு இருந்துது," என்றாள்.

"எந்த இடத்தில? முதலிலா? கடைசியிலா?"

"வட்டமா இருந்துதுங்க. அவ்ளோதான்."

தமிழில் வட்டமில்லாத எழுத்து எத்தனை? நான் சட்டைப்பையிலிருந்து பயணச்சீட்டை எடுத்து, அதன் பின்புறத்தில் ட, ப, ய, ர போன்ற சிலவற்றைத் தவிர்த்து ஒவ்வோர் எழுத்தாக எழுதிக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றையும் பார்த்து, "இப்பிடியும் இருந்தாப்பல இருந்துது," என்றாள். பத்தாவது எழுத்துக்கு வருவதற்குள் கண்ணயர்ந்து தலையை என் தோளில் சாய்த்துவிட்டாள். நெற்றியில் கிணற்றடிக் காயத்தின் பொருக்கு இன்னும் உதிரவில்லை. அசைந்தால் விழித்துவிடுவாள் என்று, எழுதுகோலை நீட்டிய கையோடு காஞ்சிபுரம்வரை அப்படியே அமர்ந்திருந்தேன்.

அங்கே வண்டி மாறினோம். வாலாஜாபாத்தைத் தாண்டியதும் மறுபடியும் கேட்டேன்.

"இன்னும் அதேவா?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.